வண்ணமீன்கள் சீறுவதும் சோர்வதும் ஏன்?

மாடு அசை போடவில்லை என்றால் அதற்கு உடம்பு சரியில்லை என்பது விவசாயிக்குத் தெரியும். கோழிகள் ஒன்றையொன்று கொத்திச் சிறகைப் பிடுங்கினால், கூண்டில் நெரிசல் என்று கண்டுகொள்வார். ஆனால் தொட்டியில் வளரும் மீன் கத்துவதில்லை, கனைப்பதில்லை. அது நீந்தும் விதமும், நிற்கும் இடமும், மற்ற மீன்களிடம் நடந்துகொள்ளும் முறையும்தான் அதன் மொழி. இந்த மொழியைப் புரிந்துகொண்டால் வண்ணமீன் வளர்ப்பில் ஏற்படும் நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

சென்னை கொளத்தூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் வண்ணமீன் உற்பத்திக்குப் பெயர் பெற்றவை. வீட்டுக் கொல்லையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி, கறவை மாடு அல்லது கோழியுடன் உப தொழிலாக மீன் வளர்ப்போர் பிற மாவட்டங்களிலும் உண்டு. இத்தொழிலில் இருவகை நஷ்டம் வருகிறது. ஒன்று, மீன்கள் சண்டையிட்டு வாலும் துடுப்பும் கிழிந்துபோவது. கிழிந்த துடுப்புள்ள மீனை வியாபாரி ஒதுக்கிவிடுவார். மற்றொன்று, நேற்று வரை நன்றாக இருந்த மீன்கள் விடிந்ததும் செத்து மிதப்பது.

இரண்டிலும் பலர் முதலில் செய்வது, கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுவதுதான். ஆனால் மீன் சீறுவதற்கும் சோர்வதற்கும் நோய் மட்டுமே காரணம் அல்ல. மீனின் பிறவிக் குணம் ஒரு காரணம். தண்ணீரின் கோளாறு மற்றொரு காரணம். எது காரணம் என்று பிரித்தறிந்த பிறகே கையை வைக்க வேண்டும்.

நலமான மீன் எப்படி இருக்கும்?

கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நலமாக இருக்கும்போது மீன் எப்படி இருக்கும் என்பது மனதில் பதிந்திருக்க வேண்டும். தினமும் காலையில் தீவனம் போடுவதற்கு முன் பத்து நிமிடம் தொட்டியருகே அசையாமல் நின்று பார்ப்பது போதும்.

நலமான மீன் துடுப்புகளை விரித்து வைத்திருக்கும். செவுள் மூடி சீராகத் திறந்து மூடும். தீவனம் விழுந்ததும் விரைந்து வரும். நிறம் பளிச்சென்று இருக்கும். வருத்தமுற்ற மீன் துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். நிறம் மங்கும். மூலையில் ஒதுங்கி நிற்கும், அல்லது காரணமின்றிப் பாய்ந்து சுவரில் மோதும். செவுள் வேகமாக அடிக்கும். தீவனத்தை வாயில் வாங்கித் துப்பிவிடும்.

இனத்துக்கு இனம் பழக்கம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. சண்டை மீனும் (ஃபைட்டர்) கௌராமியும் அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். இவற்றுக்குச் செவுள் தவிர, காற்றிலிருந்து நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு தலைக்குள் உண்டு. இவை மேலே வருவது இயல்பு. தங்க மீனோ ஏஞ்சல் மீனோ அப்படி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஆபத்தின் அறிகுறி.

பிறவிக் குணத்தால் வரும் சண்டை

மீன்களின் சண்டைக்கு இடம், இணை, குஞ்சு ஆகிய மூன்றும் பெரும்பாலும் காரணமாகின்றன. எதிரியை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதை டச்சு விஞ்ஞானி நிக்கோ டின்பர்கன் முள்முதுகு மீனை வைத்து ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் இந்த ஆண் மீனின் வயிறு சிவக்கும். அச்சு அசலாக மீனைப் போலச் செய்து, சிவப்பு பூசாத பொம்மையை ஆண் மீன் அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. மீனைப் போலவே இல்லாத, ஆனால் அடிப்பக்கம் சிவப்பு பூசிய பொம்மையைச் சீறித் தாக்கியது. சன்னலுக்கு வெளியே சிவப்பு நிறத் தபால் வண்டி போனபோதுகூட தொட்டியிலிருந்த ஆண் மீன்கள் சீறின. விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக டின்பர்கனுக்கும் வேறு இருவருக்கும் 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. மீன் வளர்ப்போருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மீன் கோபத்தால் சண்டையிடுவதில்லை. கண்ணில் படும் ஓர் அடையாளம் அதைத் தூண்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்ணில் படாமல் செய்தால் சண்டை அடங்கும்.

சண்டை மீன்: தாய்லாந்து நாட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மீனை அந்நாடு 2019-ல் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வளர்ந்த இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது. கண்ணாடியில் தன் நிழலைக் கண்டாலும் செவுளை விரித்துச் சீறும். ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கியதும் தனித்தனிப் பாட்டில்களில் பிரிக்க வேண்டும். பாட்டில்களுக்கு இடையில் அட்டையைச் செருகி வைக்க வேண்டும். நாள் முழுவதும் எதிரியைப் பார்த்துச் சீறிக்கொண்டே இருக்கும் மீன் களைத்துப்போகும்.

முட்டையிட்டதும் பெண் மீனை எடுத்துவிட வேண்டும். நுரைக் கூட்டையும் முட்டைகளையும் காக்கும் ஆண், பெண்ணை அடித்துக் கொன்றுவிடக்கூடும். முட்டைகள் ஓரிரு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் தாமாகக் குறுக்கே நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடலாம். நீர்மட்டத்தில் ஆண் மீன் கட்டும் நுரைக் கூட்டை அழுக்கு நுரை என்று நினைத்து வழித்து எறிந்துவிடக் கூடாது.

ஏஞ்சல் மீன்: எட்டுப் பத்துக் குஞ்சுகளைச் சேர்த்து வளர்த்தால் பருவம் வந்ததும் தாமே இணை சேரும். இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டினால் அது நல்ல செய்தி. அந்த இணையைத் தனித் தொட்டிக்கு மாற்றி, முட்டை ஒட்டுவதற்குச் சாய்வாக ஒரு கடப்பைக் கல் துண்டு அல்லது குழாய்த் துண்டு வைக்க வேண்டும். முட்டையிட்ட பிறகு தொட்டியருகே ஆள் நடமாட்டமும் சத்தமும் அதிகமானால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

புலிப் பார்ப்: ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக விட்டால் தங்களுக்குள் விளையாட்டாகத் துரத்திக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், சண்டை மீன் ஆகியவற்றோடு இவற்றைச் சேர்க்கக் கூடாது.

கப்பி: ஆண்கள் பெண்களை ஓயாமல் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விட்டால் ஒரே பெண் மீது தொல்லை விழாது. சினைப்பட்ட பெண் மூலையில் ஒதுங்குவது நோயல்ல. குஞ்சு ஈனும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். குஞ்சுகள் ஒளிய நீர்ச்செடி இல்லாவிட்டால் பெரிய மீன்கள் அவற்றைத் தின்றுவிடும்.

தங்க மீன்: ஆண் மீன் பெண்ணின் பின்னாலேயே சென்று வயிற்றை முட்டுவது சண்டையல்ல, முட்டையிடத் தூண்டுவதாகும். அந்தச் சமயத்தில் ஆணின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் சிறு வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். இதை வெண்புள்ளி நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவோர் உண்டு. நோயின் புள்ளிகள் உடம்பு, வால், துடுப்பு என எங்கும் ரவை தூவியது போல இருக்கும். பருவப் புள்ளிகள் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இருக்கும்.

சண்டையைத் தணிக்கும் வழிகள்

ஒரே தொட்டியில் பெரியதும் சிறியதும் கலந்திருந்தால் சிறியவை அடிபடும், தீவனமும் கிடைக்காது. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்து விட வேண்டும். தீவனத்தை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடங்களில் தூவினால் வலிய மீன் எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. உடைந்த மண்பானை, ஓடு, நீர்ச்செடி ஆகியவற்றைப் போட்டு வைத்தால் அடிபடும் மீன் பார்வையிலிருந்து மறைய இடம் கிடைக்கும்.

ஒரு மீன் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டால், தொட்டியிலுள்ள கல்லையும் ஓட்டையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். வரப்பை அழித்த வயல் போல, பழைய எல்லை அதற்குத் தெரியாமல் போகும். புது மீன் விடும் நாளில் இதைச் செய்வது நல்லது. இதற்கும் அடங்காத மீனைத் தனியே பிடித்து வைப்பதே வழி.

தண்ணீர்க் கோளாறு

பிறவிக் குணத்தால் வரும் சண்டையில் ஒன்றிரண்டு மீன்களே ஈடுபடும். தண்ணீர் கெட்டாலோ தொட்டி முழுவதும் பாதிக்கப்படும். மீன்களில் பல ஒரே நேரத்தில் துடிப்பது, பாய்வது, மேலே வந்து வாய் பிளப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

பிராணவாயுக் குறைவு: வெந்நீரை விடக் குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். வெயில் காலத்தில் மீனுக்குத் தேவை கூடுகிறது, நீரில் இருப்போ குறைகிறது. பச்சை நிறமாகப் பாசி பிடித்த தொட்டியில் பகலில் பாசி பிராணவாயுவை வெளிவிடும். இரவில் பாசியும் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே விடியற்காலையில்தான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். காலை ஐந்து மணிக்கு மேலே வந்து வாய் பிளந்த மீன் ஒன்பது மணிக்குச் சரியாகிவிட்டால் கோளாறு இதுதான். மதியம் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருப்பதாக நினைப்பவர் ஏமாந்துபோவார்.

அமோனியா: மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அமோனியா உண்டாகும். தொட்டியின் சுவரிலும் வடிகட்டியிலும் குடியேறும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் பெருகச் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். எனவே புதுத் தொட்டியில் முதல் நாளே நிறைய மீனை விட்டால் இரண்டாம் வாரத்துக்குள் அவை துன்பப்படுவதைக் காணலாம்.

அமோனியாவின் கொடுமை, தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே விஷத்தன்மை கொண்டதாக இருக்கும். பி.எச். 8 ஆனால் அது சுமார் 5 பங்கு; 9 ஆனால் 35 பங்குக்கு மேல். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கரைந்து பி.எச். ஏறும். ஆகவே புதுத் தொட்டியில் வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து, பல முறை நீர் மாற்றிக் கழுவிய பிறகே மீன் விட வேண்டும்.

நைட்ரைட் மீனின் ரத்தத்தில் கலந்தால் ரத்தம் பழுப்பாக மாறி, பிராணவாயுவை ஏந்திச் செல்லும் சக்தியை இழக்கும். காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருந்தும், பகல் முழுவதும் மீன்கள் மேலேயே நின்று திணறினால் அமோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். இவற்றையும் பி.எச். அளவையும் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டிகள் மீன் கடைகளில் விற்கின்றன.

குளோரின்: பஞ்சாயத்துக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அதை நேராகத் தொட்டியில் விட்டால் சில நிமிடங்களிலேயே மீன்கள் பாய்ந்து துடிக்கும். வாய் அகன்ற தொட்டியில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இல்லை என்றாலும் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் தேக்கி, காற்றுக் குழாய் விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

சண்டைக்கும் நோய்க்கும் உறவு

ஓயாமல் துரத்தப்படும் மீனும், கெட்ட நீரில் வாழும் மீனும் ஒரே கதியை அடைகின்றன. இரண்டின் உடலிலும் சில சுரப்புகள் அதிகமாகி, நோயை எதிர்க்கும் சக்தி குறைகிறது. ஆகவேதான் அடிபட்ட மீனுக்கு முதலில் வால் அழுகலும் பூசணமும் பிடிக்கிறது. அங்கிருந்து மற்ற மீன்களுக்கும் பரவுகிறது. மருந்தால் அழுகலை ஆற்றிவிட்டு, அடிக்கும் மீனையும் கெட்ட நீரையும் அப்படியே விட்டுவிட்டால் பத்து நாளில் நோய் திரும்பி வரும்.

மீன்கள் உடம்பைச் சுவரிலும் கல்லிலும் உரசினால் ஒட்டுண்ணி இருக்கலாம். உரசலோடு உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தீண்டாது. தோலிலிருந்து உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஆகவே புள்ளிகள் மறைந்ததும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மீன்துறை அலுவலர் சொல்லும் நாள் வரை தொடர வேண்டும்.

மூன்று கேள்விகள்

மருந்து வாங்கப் புறப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது, எத்தனை மீன்? ஒன்றிரண்டு என்றால் சண்டை, பருவம், அல்லது நோயின் தொடக்கம். எல்லாம் என்றால் தண்ணீர்.

இரண்டாவது, எப்போது? விடியற்காலை என்றால் பிராணவாயு. நீர் மாற்றிய உடனே என்றால் குளோரின் அல்லது வெப்ப மாற்றம். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களுக்குள் என்றால் அமோனியா, நைட்ரைட். புது மீன் விட்ட பிறகு என்றால் எல்லைச் சண்டை, அல்லது அதனுடன் வந்த நோய்.

மூன்றாவது, எங்கே? நீர்மட்டத்தில் திணறினால் சுவாசக் கோளாறு. ஒரு மூலையில் ஒன்று காவல் காத்து மற்றவை எதிர் மூலையில் ஒண்டினால் எல்லைச் சண்டை. தரையிலும் சுவரிலும் உரசினால் ஒட்டுண்ணி.

முதல் உதவி

காரணம் தெளிவாகாதபோதும் கீழ்க்கண்டவற்றைச் செய்வதால் கேடில்லை. அன்றைய தீவனத்தை நிறுத்த வேண்டும். வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினி கிடப்பதால் சாகாது. அடியில் தங்கிய கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கூட்ட வேண்டும். மின்சாரம் இல்லாதபோது குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். தேக்கி வைத்த நீரால் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் மாற்ற வேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் மாற்றினால் வெப்பமும் பி.எச். அளவும் திடீரென மாறி, மீன்கள் மேலும் துன்பப்படும்.

நைட்ரைட் இருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல் உப்பைக் கரைத்து விடலாம். உப்பு, நைட்ரைட் செவுள் வழியே புகுவதைத் தடுக்கும். செடிகள் உள்ள தொட்டியில் உப்பு போடக் கூடாது. மெத்திலீன் புளூ போன்ற நீல மருந்தை வடிகட்டி ஓடும் தொட்டியில் ஊற்றினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் மடிந்து, அமோனியா மேலும் ஏறும். மருந்து தேவைப்படும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை செய்வதே முறை.

வருமுன் காத்தல்

வெளியிலிருந்து வாங்கிய மீனை, பையோடு 15 அல்லது 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து விட வேண்டும். இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இந்தத் தொட்டிக்கு வலையும் குழாயும் தனியாக இருப்பது நல்லது. தீவனம், ஐந்து நிமிடத்துக்குள் தின்று தீரும் அளவே போட வேண்டும். விற்பனைக்கு அனுப்பும் முன் ஒரு நாள் தீவனத்தை நிறுத்தினால் பையில் உள்ள நீர் கெடாது. மீன்கள் வழியில் சாவதும் குறையும்.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நீர் மாற்றிய நாள், புது மீன் விட்ட நாள், செத்த மீன்களின் எண்ணிக்கை, காலையில் கண்ட நடத்தை ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். கோளாறு வந்தால் அந்த நோட்டோடு அருகிலுள்ள மீன்துறை அலுவலகத்துக்குச் சென்றால், காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கும் சுலபமாகும். ஒரு குப்பி மருந்தின் விலையில் ஒரு சோதனைப் பெட்டியும், தினம் பத்து நிமிடப் பார்வையும் இருந்தால் தொட்டி மீன்களில் பெரும்பாலானவை நல்ல விலைக்குச் சந்தை போய்ச் சேரும்.